ஐந்து படி, ஒரு பிசிறு

பிளக்கைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான் அவர் இரும்பு தேய்க்கும் கிரைண்டரில் டிஸ்க்கை மாற்றுவார். மற்றவர்கள் துண்டு போட்டுக்கொள்ளும் இடத்தில் அவருக்கு ஒயரோடு பிளக் தொங்கும். "பிளக் என் தோள்ல இருக்கு. இனி எவன் போய் சுவிட்சைத் தட்டினாலும் எனக்கென்ன?" என்பார். அவர் வேலை பார்க்கும் வெல்டிங் பட்டறையில் அப்படிப் போய்த் தட்டுகிற ஆள் ஒருவரும் கிடையாது. இருந்தாலும் இருபத்தாறு வருஷமாகத் தோள் மாறாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது.

புது டிஸ்க் மாட்டியதும் நேரே இரும்பில் வைத்துவிட மாட்டார். தன் முகமும் அடுத்தவர் முகமும் அதன் நேரில் வராதபடி ஒதுங்கி நின்று, ஒரு முழு நிமிஷம் சும்மா ஓடவிடுவார். உள்ளே விரிசல் இருந்தால் அது அதற்குள் தன் குணத்தைக் காட்டிவிடுமாம். "புது ஆளுப்பா. வந்ததும் வேலை வாங்கினா எப்படி? ஒரு நிமிஷம் மூச்சு விடட்டும்." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பட்டறைக்காரர்கள் அவருக்கே 'நிமிஷம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கதவு, ஜன்னல் கம்பி, கைப்பிடி என்று எது பற்றவைக்கப்பட்டு வந்தாலும் அதைத் தேய்த்து மழமழவென்று ஆக்குவது நிமிஷத்தின் பொறுப்பு.

வேலைக்கு இறங்கும்போது ஆளைப் பார்க்கவேண்டுமே. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். கண்ணாடி, அதன் மேல் முகத்தை மறைக்கும் தகடு, தூசிக்கு மூக்குமூடி, காதுக்கு இரண்டு கிண்ணம் மாதிரி மூடிகள். இரும்பு தேய்க்கப் போகிறாரா, நிலாவுக்குப் புறப்படுகிறாரா என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். காதுமூடி போட்டபின் யார் என்ன கேட்டாலும் "ஆமா" என்று தலையாட்டிவிடுவார். வெல்டர் அவருடைய மனைவியின் தம்பி, அந்த உரிமையில் ஒருநாள், "மாமா, ஞாயித்துக்கிழமை உங்க வீட்லதான் எல்லாருக்கும் சாப்பாடா?" என்று கேட்டுவைத்தான். "ஆமா." அந்த ஞாயிறு எட்டுப் பேர் வாசலில் வந்து நின்றார்கள். நிமிஷம் அசரவில்லை. "நான் சொன்னா சொன்னதுதான். ஒரு நிமிஷம் உட்காருங்க," என்று அடுப்படிக்குள் போய்விட்டார்.

பொறி எந்தப் பக்கம் பறக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் தான் எங்கே நிற்பது என்று தீர்மானிப்பார். பெயிண்ட் டப்பாவும் எண்ணெய்த் துணியும் அந்தத் திசையில் இருக்கக் கூடாது. கிரைண்டரில் இரண்டு கையும் இருக்கவேண்டும். அமுக்கக் கூடாது. "அதுக்கே வெயிட்டு இருக்கு, நீ வேற எதுக்கு ஏறி உட்கார்ற?" டிஸ்க்கைப் பாதி மூடியிருக்கும் இரும்பு உறையை அவர் கழற்றி ஒருவரும் பார்த்ததில்லை. பக்கவாட்டில் அழுத்தினால் உடைந்து தெறிக்கும் அறுக்கிற டிஸ்க்கை எடுத்துத் தேய்க்க முனைந்தவர்களிடம் அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

கடைசியாகத் துணி வரும். மனைவி தையல்காரி. ரவிக்கை வெட்டியதில் மிஞ்சும் பட்டுத் துண்டுகளை அவருக்கு ஒரு பையில் போட்டுக் கொடுப்பாள். தேய்த்து முடித்த இரும்பின் மேல் பட்டுத் துண்டை இழுத்துப் பார்ப்பார் நிமிஷம். எங்கேயாவது நூல் மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. அவளுக்கும் பிசிறுதான் எதிரி, இவருக்கும் பிசிறுதான் எதிரி. "பொருத்தம் பார்த்தவரு வேற எதைப் பார்த்தாரோ தெரியாது, இதைப் பார்த்திருக்காரு," என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு மூன்று மாதமாக இல்லை. வீட்டு வாசலில் ஐந்து படி. அதில் மனைவி வழுக்கி விழுந்து முழங்கால் எலும்பு விரிசல் விட்டது. தன் தங்கை வீட்டில் படி கிடையாது என்பதால் அங்கேயே தங்கிவிட்டாள். எலும்பு கூடிவிட்டது, தாராளமாகப் படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லியும் ஆயிற்று. "காலு சரியாயிடுச்சுங்க. மனசுதான் நொண்டுது," என்றாள் போனில். நிமிஷம் தேய்த்த கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு ஊரே ஏறி இறங்குகிறது. சொந்த வீட்டுப் படிக்கு ஒரு முழக் குழாய் இல்லை. அது அவரை அரித்தது. யாரும் குத்திக்காட்டவில்லை, அதனால் இன்னும் அதிகமாக அரித்தது.

ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கு வருவதாக ஒப்புக்கொண்டாள். "படி வரைக்கும் வரேன். ஏற முடியலேன்னா அதே வண்டியில திரும்பிடுவேன். வற்புறுத்தக் கூடாது." காலையிலேயே மச்சான் வந்து குழாயை வளைத்துப் பற்றவைத்தான். அதன்பின் அது நிமிஷத்தின் குழாய். முதலில் தேய்க்கிற டிஸ்க்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து வெல்டிங் மேடுகளைக் கரைத்தார். பிறகு பிளக்கைத் தோளில் போட்டு, உப்புத்தாள் இதழ்களை அடுக்கிய டிஸ்க்கை மாட்டினார். அதற்கும் ஒரு நிமிஷம். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வீட்டுக்காரம்மா வர்றாங்களா?" என்று கேட்டார். "ஆமா," என்றார் நிமிஷம், காதுமூடியோடு. அன்று ஒருநாள் சரியான கேள்விக்கு அந்தப் பதில் போய்ச் சேர்ந்தது.

மூன்றரை மணிக்குக் குழாய் வெள்ளிபோல ஆகிவிட்டது, ஒரு இடம் தவிர. உச்சிப் படியில் கைப்பிடி வளைந்து சுவரோடு சேரும் மூலை. உறையோடு கூடிய டிஸ்க் அந்த இடுக்கில் நுழையவில்லை.

"உறையைக் கழட்டிடுங்க மாமா. ரெண்டு நிமிஷ வேலை. அக்கா கிளம்பிட்டாளாம்."

"மாட்டேன்."

"இன்னிக்கு ஒரு நாள்தானே?"

நிமிஷம் கழுத்துக்கு இறக்கியிருந்த காதுமூடியைக் கழற்றி வைத்தார். "உங்கக்கா வந்து இந்தக் கைப்பிடியைப் பிடிக்கணும். நான் உங்கக்கா கையைப் பிடிக்கணும். அதுக்கு எனக்குப் பத்து விரலும் வேணும்டா."

மச்சான் அரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தான். நிமிஷம் படியில் மண்டியிட்டு, அரத்தாலும் கிழித்த உப்புத்தாளாலும் கையாலேயே ராவத் தொடங்கினார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. ஒரு விரல் அகலம் மிச்சம் இருக்கும்போது வண்டிச் சத்தம் கேட்டது.

தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். படியைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "இன்னொரு நாள் பார்த்துக்கலாமே," என்றாள் மெல்ல. டிரைவர் இன்னும் என்ஜினை நிறுத்தவில்லை.

என்னவெல்லாமோ சொல்லவேண்டும் என்று மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார் நிமிஷம். ஆனால் நாக்கில் வந்தது தொழில் பேச்சுதான். படி இறங்கி வந்து, பையிலிருந்து பச்சைப் பட்டுத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஏற வேண்டாம். பிசிறு இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

வேலை என்று வந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. துண்டை வாங்கிக் கைப்பிடியின் அடியில் சுற்றிப் பிடித்தாள். மெதுவாக இழுத்தாள். "ம்... இங்க இல்ல." கை மேலே போனது, கையோடு ஒரு கால் போனது. "இந்த ஜாயின்ட் தம்பி வச்சதா? பரவாயில்லை, மறைச்சிருக்கீங்க." இன்னொரு படி. அவள் கண் துணியை விட்டு நகரவில்லை. நிமிஷம் ஒரு படி பின்னால், கிரைண்டர் பிடிப்பதுபோல இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, தொடாமல், மூச்சுக்கூட விடாமல் ஏறினார். கீழே தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

பட்டு சடக்கென்று மாட்டியது.

"ஏங்க! இங்க பாருங்க, நூல் இழுக்குது! இத்தனை வருஷம் இந்தத் தொழில் பார்த்து, சொந்த வீட்டு வேலையில பிசிறு விடுவீங்களா?" சுவர் மூலையைச் சுட்டிக்காட்டி, ஐந்தாவதான உச்சிப் படியில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு திட்டினாள்.

நிமிஷத்தின் முகமெல்லாம் பல். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். கீழே நின்ற மச்சானை நோக்கித் திரும்பி, ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.