பன்னீர்ச் சொம்பும் கோம்பைக் குட்டியும்

காவல் நாய்க் குட்டி வெளியாளைக் கண்டால் வாலாட்டலாமா, கூடாதா என்று எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் சண்டை நடந்தது. சண்டை போட்டது நானும் என் மாமனாரும். ஜெயித்தது நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடக்கமாகப் பேசும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அறுபதுகளில் கல்யாணமாகி நான் செஞ்சிக்கு வந்த புதிது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர்; விடிவதற்குள் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். மாமனார் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கிடங்கில் வாட்ச்மேனாக இருந்து ஓய்ந்தவர். நான் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த தையல் மிஷினை முன்னறையில் போட்டு ரவிக்கை, பாவாடை, பையன்களுக்கு டிராயர் என்று தைத்துக்கொண்டிருந்தேன். தெருக்கதவு திறந்தேதான் கிடக்கும். நாள் பூராவும் பெண்கள் வருவார்கள், போவார்கள்.

அந்த வீட்டுக்குத்தான் மாமனார் கோம்பை ஜாதி நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மதுரைப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர், கிடங்குக் காலத்துச் சிநேகிதர், சாக்கில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம். செம்மண் நிறத்தில் ஒரு பெட்டைக் குட்டி. மூஞ்சியில் மட்டும் அடுப்புக்கரி பூசிய மாதிரி கறுப்பு. நாங்கள் கிறிஸ்தவர்கள்; அது தவக்காலம், வீட்டில் கறி மீன் கிடையாது. பாவம், வந்த அன்றைக்கே அதுவும் எங்களோடு கஞ்சிதான் குடித்தது.

குட்டியை எப்படி வளர்ப்பது என்று மாமனார் அன்றே சட்டம் போட்டுவிட்டார்.

"இருட்டுல கட்டணும். நம்ம கையத் தவிர வேற கை படக்கூடாது. சோத்துல துளி மொளகாத்தூள் போடணும். வர்றவங்க போறவங்க ஆளுக்கு ஒரு தடவ குச்சியால சீண்டிட்டுப் போவணும். அப்பத்தான் வெளியாளக் கண்டா அதுக்கு ரோஷம் வரும்."

இது அவர் மட்டும் சொன்னதில்லை. அந்தப் பக்கத்தில் நிறையப் பேர் காவல் நாயை அப்படித்தான் வளர்த்தார்கள். எதிர்வீட்டில் மாடிப்படிக்கு அடியில் அப்படி ஒன்று கட்டிக் கிடந்தது. தபால்காரரைப் பார்த்தால் குரைக்கும், காக்காயைப் பார்த்தால் குரைக்கும். ராஜகிரிக் கோட்டை உச்சியில் குரங்கு அசைந்தால்கூட அதற்குப் பொறுக்காது என்று தெருவே கேலி பேசும். சோறு வைக்கப் போன வீட்டுக்காரம்மாவையே ஒரு நாள் கடித்து வைத்தது. மாமனாருக்கு மட்டும் அதன்மேல் அப்படி ஒரு மரியாதை. "நாய்னா அது நாய்," என்பார்.

மறுநாள் ரவிக்கைத் துணியோடு வந்த ஒரு பெண்ணின் கையில் துடைப்பக்குச்சியைக் கொடுத்து, "லேசா ஒரு குத்து குத்திட்டுப் போம்மா," என்றார். அவளும் சிரித்துக்கொண்டே குத்திவிட்டாள். குட்டி கீச்சென்று கத்தி, இருந்த இடத்திலேயே மூத்திரம் விட்டுவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! மிஷினை விட்டு எழுந்து போய், அந்தக் குச்சியைப் பிடுங்கி, ஒடித்து அடுப்பில் போட்டேன்.

"மாமா, இத வெறிபுடிச்ச நாயாக்கி வாசல்ல உட்டீங்கன்னா ஒரு பொம்பள இந்தப் படி ஏற மாட்டா. என் மிஷின்ல சிலந்திதான் கூடு கட்டும்."

"உனுக்கு நாயப் பத்தி இன்னா தெரியும்?"

நாயைப் பற்றித் தெரியாதுதான். மனுஷரைத் தெரியாமல் வளர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும். என்னை அப்படித்தான் வளர்த்தார்கள். வெளியாளிடம் பேசாதே, நிமிர்ந்து பார்க்காதே. கல்யாணத்துக்கு முன்னால் முதல் தடவையாகத் தனியாகப் பஸ் ஏறப் போனபோது பஸ் ஸ்டாண்டில் எந்த ஆம்பிளையைப் பார்த்தாலும் திருடனாகத்தான் தெரிந்தது. கடைசியில், "ஏம்மா தங்கம், தண்ணி குடிச்சிட்டு வா, பெட்டிய நான் பாத்துக்கறேன்," என்று இனிக்க இனிக்கப் பேசிய ஒரு பெண்ணை நம்பினேன். நான் திரும்பி வருவதற்குள் பெட்டியும் இல்லை, அவளும் இல்லை. எல்லோருக்கும் பயந்தவளுக்கு, யாருக்குப் பயப்பட வேண்டும் என்பது தெரியவில்லை. அந்த எரிச்சல் எனக்குள் ஆறவே இல்லை. இந்தக் குட்டியும் அப்படி ஆகக்கூடாது என்று தோன்றிவிட்டது.

அன்றிலிருந்து குட்டி என் மிஷினுக்கு அடியில்தான் படுத்தது. வருகிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: அதுவாக வந்து மோந்தால் தடவிக் கொடுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள், தூக்கி மடியில் வைக்காதீர்கள், தின்ன எதுவும் கொடுக்காதீர்கள். ஆசையாக முறுக்கை நீட்டிய ஒருத்தியிடம், "அத நீயே துன்னு," என்று சொல்லி முகத்தைச் சுளிக்க வைத்திருக்கிறேன். மேலே தாவினால் குட்டிக்கும் அதட்டல் விழும். யாராவது படியேறினால் அது தலையைத் தூக்கி வந்தவரைப் பார்க்கும், பிறகு என்னைப் பார்க்கும். நான் "வாங்க" என்று சொன்னால் வால் ஆடும். அவ்வளவுதான், மறுபடி படுத்துக்கொள்ளும். பர்தா போட்டு வருகிறவர்கள், தொப்பி வைத்த போலீஸ்காரர், நொண்டி நடக்கிற பால்காரர், அழுகிற குழந்தை, சண்டைபோடுகிற குழந்தை எல்லோரையும் அது அந்த மிஷினுக்கு அடியிலிருந்தே பார்த்துப் பழகியது.

மாமனாருக்கு வயிறு எரிந்தது. "கல்யாண ஊட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கிறதுக்கு ஒரு ஆளு நிப்பான் பாரு, அந்த வேலைக்கு இத அனுப்பலாம். பன்னீர்ச் சொம்ப அது வாயில குடு," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். நாய் வளர்ந்தது. உடம்பு முறுக்கேறியது, தாடை அகன்றது. குரைப்பு மட்டும் வரவே இல்லை. ஒரு நாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இது காவல் நாய்னு காட்டல, சீயமங்கலத்துல மச்சான் கெணத்து மேட்டுக்கு அனுப்பிடுவேன்," என்றார்.

அந்தக் கிணற்று மேட்டை நான் பார்த்திருக்கிறேன். அங்கே நாய்க்குச் சங்கிலியைக் கழற்றுவதே கிடையாது. வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். அவரோ அப்பா பேசும்போது அப்பா பக்கம் தலையாட்டுவார், நான் பேசும்போது என் பக்கம். பஸ்ஸில் அத்தனை பேரை அதட்டுகிற மனுஷன்! வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லையே தவிர, மாதா படத்துக்கு முன்னால் நின்று, "ஒரே ஒரு தடவ அது குரைக்கட்டும்மா," என்று வேண்டிக்கொண்டேன்.

டிசம்பர் வந்தது. கிறிஸ்மஸ் துணி தைத்துத் தைத்து எனக்கு முதுகு விட்டுப்போனது. முடித்ததையெல்லாம் ஒரு பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டிப் பெஞ்சில் வைத்திருந்தேன். அந்தத் தெருவுக்கே பூசைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய புதுத்துணி அதுதான்.

மத்தியானம் நான் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தபோது ஒருவன் வந்திருக்கிறான். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கக்கத்தில் குடை. "அனந்தபுரத்துலேருந்து வரேங்க. சொந்தக்காரங்க துணி குடுத்திருந்தாங்க, வாங்கியாரச் சொன்னாங்க," என்று பவ்யமாகச் சொல்லியிருக்கிறான். கிடங்கு வாசலில் நின்று காலமெல்லாம் ஜனங்களை அதட்டிய என் மாமனார், அந்தப் பேனாவைப் பார்த்து மயங்கிப்போனார். "வாங்க சார், உக்காருங்க சார்!" அவன் குடிக்கத் தண்ணீர் கேட்க, இவரே எடுத்துவர உள்ளே வந்தார்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. அப்படி ஒரு குரல் அந்த வீட்டில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. தொண்டையிலிருந்து இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது. கயிற்றை விட்டேன், வாளி கிணற்றுக்குள் போய் விழுந்தது. ஓடினேன்.

எதிர்வீட்டு நாய், அவன் சந்தில் நுழைந்ததிலிருந்தே குரைத்துக்கொண்டுதான் இருந்ததாம். அது எப்போதும் குரைக்கிற நாய். யார் தலையைத் திருப்புவார்கள்? எங்களுடையது குரைத்ததும் சந்து முழுக்கக் கதவு திறந்தது.

"ஏய், தையக்காரம்மா வூட்டு நாய் கத்துதுடி! அங்க இன்னாவோ ஆயிருக்குது, ஓடியா!"

கரண்டியோடு ஒருத்தி, துடைப்பத்தோடு ஒருத்தி, மாவுக் கையோடு ஒருத்தி. நான் முன்னறைக்கு வந்தபோது அவன் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சிலையாக நின்றான். நாய் வாசற்படியில் காலை அகட்டி நின்றது. அவன் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது, வலப்பக்கம் நகர்ந்தால் அங்கேயும் நின்றது. கடிக்கவில்லை, கீறவில்லை. பல்லை மட்டும் காட்டியது. அவன் காலடியில் ஒரு பொறை ரொட்டி கிடந்தது. நாயை மயக்கத்தான் போட்டிருக்கிறான். அதில் ஒரு பல் பட்டிருக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் ராசாத்தி!

கடைத்தெரு ஆட்கள் வந்து அவனை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் அங்கேயே மூட்டையைப் பிரித்து அவரவர் துணி இருக்கிறதா என்று தேடினார்கள். இத்தனை கூத்துக்கும் பின்னால், சமையலறை நிலையில், பித்தளைச் சொம்பும் கையுமாக நின்றுகொண்டிருந்தார் என் மாமனார்.

நான் விடுவேனா?

"இன்னா மாமா, பன்னீர் தெளிச்சாச்சா? அப்படியே கொஞ்சம் சந்தனமும் குடுத்தனுப்பியிருக்கலாமே!"

தெருவே கொல்லென்று சிரித்தது. அவர் கையிலிருந்த சொம்பைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். வாசலுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் குந்தி உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரை நாயின் தட்டில் ஊற்றினார்.

"குடி தாயே. தொண்ட காஞ்சிருக்கும்," என்றார்.

கிறிஸ்மஸ் பூசைக்கு எங்கள் சந்து முழுக்க நான் தைத்த துணியில் போனது. போகிற ஒவ்வொருவரும் வாசலில் நின்று அதன் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். அது எல்லோருக்கும் வாலாட்டியது. சீயமங்கலம் என்ற பேச்சு அதற்குப் பிறகு வீட்டில் வரவே இல்லை.

பொங்கல் கழித்து எதிர்வீட்டுக்காரர் புதுக் குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாமனாரிடம் யோசனை கேட்க வந்தார். நான் மிஷினில் இருந்தேன். மாமனார் மீசையைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தார்.

"இருட்டுல கட்டாத. ஜனங்களப் பழக்கு. நாலு பேரப் பாத்து வளந்தாத்தான் அஞ்சாவது ஆளு எப்படிப்பட்டவன்னு அதுக்குத் தெரியும்."

"அது யாரு சொன்ன யோசன மாமா?" என்றேன் சத்தமாக.

அவர் திரும்பவில்லை.

"எம் மருமவ சொன்னது," என்றார் எதிர்வீட்டுக்காரரிடம். "இந்த வூட்டுக்கு இப்ப அவதான் வாட்ச்மேன்."

நான் மிஷினை மிதித்த மிதியில் நூல் அறுந்துபோனது.