இறைக்க இறைக்க மஞ்சள்

மரக்காணத்தில் தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: உப்பா, நல்ல தண்ணியா? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளப் பாத்திகள், நடுவில் நீளமாக ஒரு மணல் மேடு. அந்த மேட்டில் எங்கள் தெருவுக்கென்று இருந்தது ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. புயலில் கடல்நீர் ஏறிக் கிணறு கரித்துப்போனால் தெருவே திரண்டு இறைத்துக் கொட்டும். ஒட்ட இறைத்துவிட்டால் ஊற்று மறுபடி நல்ல தண்ணீரைக் கொடுக்கும். உப்புக்கு அது சரியான வைத்தியம்தான். வந்தது உப்பு இல்லை என்பதுதான் எங்கள் போதாத காலம்.

எழுபதுகளின் நடுவில் நான் அங்கே ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அவளும் அவள் கணவரும் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தார்கள். தெருவுக்கு மேற்கே ஒரு தொழிற்சாலை வந்தது. தோல் பதனிடத் தேவையான ரசாயனம் செய்கிறார்கள் என்றார்கள். கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடுவதில்லை என்று அதற்கு ஊரில் நல்ல பேர். வெளியே ஏன் விட வேண்டும்? காம்பவுண்டுக்குள்ளேயே வெறும் மணலில் பெரிய பள்ளம் வெட்டி அதில் கொட்டினார்கள். மணல் எல்லாவற்றையும் குடித்துக்கொண்டது. குடித்ததை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று அவர்கள் கவலைப்படவில்லை. அவர்களா அந்தக் கிணற்றில் குடிக்கிறார்கள்?

ஒரு கோடையில் எங்கள் வீட்டுச் சோறு மஞ்சளாக வெந்தது. தண்ணீர் கரிக்கவில்லை, அதனால் யாரும் பயப்படவும் இல்லை. கரிக்காத தண்ணீரைச் சந்தேகப்பட அந்த ஊருக்குத் தெரியாது. பிறகு அக்காவின் விரலிடுக்குகளில் புண் வந்தது. ஆஸ்பத்திரியில் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "உப்பளத்து ஆளுங்களுக்கு வர்றதுதாம்மா" என்று களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். அக்காவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "உப்புலயே பொறந்து வளந்தவ நானு. உப்புப் புண்ணு எனக்குத் தெரியாதா? அது எரியும், ரெண்டு நாள்ல ஆறிடும். இது எரியவும் மாட்டேங்குது, ஆறவும் மாட்டேங்குது."

மனு கொடுத்தோம். ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். மாதக்கணக்கில் அலையவிட்டு, உப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி நல்ல தண்ணீர் என்றார்.

"வேற எதெல்லாம் பார்த்தீங்க சார்?" என்று கேட்டேன்.

"உப்புதாம்மா பார்ப்போம். இந்த ஏரியாவுல வேற இன்னா இருக்கப்போவுது?"

"மஞ்சளா இருக்குதே?"

"தழை ஏதாவது வுழுந்து ஊறியிருக்கும். நல்லா இறைச்சி வுடுங்க, சரியாப் பூடும்."

தெருவுக்கும் அதுதான் தெரிந்த வைத்தியம். தொழிற்சாலை மேனேஜர் பெரிய மனது பண்ணி ஆயில் எஞ்சின் கொடுத்தார், டீசலும் கொடுத்தார். அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். இப்போது நினைத்தாலும் அந்தச் சால்வையைப் பிடுங்கிக்கொண்டு வரத் தோன்றுகிறது.

எஞ்சின் ஓடியது. இறைத்த அன்று தண்ணீர் வெளுத்தமாதிரி இருக்கும். மறுநாள் முன்னைவிட மஞ்சளாகும். இன்னும் ஒட்ட இறைக்கவில்லை என்று மறுபடி இறைப்பார்கள். கோடை முழுக்க இதே கூத்து.

கடைசியில் அரசாங்கம் மெட்ராஸிலிருந்து அனுப்பிய ஒரு இளம் எஞ்சினியர் வந்தார். பாட்டிலோடு திரும்பிப் போகாமல், எங்கள் கிணற்றிலிருந்து தொழிற்சாலைச் சுவர் வரை வரிசையாக மணலில் துளை போடவைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு டம்ளர் எடுத்துக் கிணற்று மேடையில் வைத்தார். கிணற்றுப் பக்கத்து டம்ளர் மஞ்சள். சுவரை நெருங்க நெருங்க நிறம் ஏறி, கடைசி டம்ளர் ஆரஞ்சுப் பழச் சாறு போல இருந்தது. விளக்கம் சொல்லவே வேண்டாம்.

"முதல்ல அந்த எஞ்சினை நிறுத்துங்க" என்றார். "நீங்க இறைக்க இறைக்க, பள்ளத்துல இருக்கறதெல்லாம் இந்தப் பக்கம் இழுத்துக்கிட்டு வருது."

மேனேஜர் பக்கத்திலேயே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார். தெரிந்துதான் எஞ்சின் கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பள்ளத்து மண்ணைத் தோண்டித் தூரமாகக் கொண்டுபோக வேண்டும், பள்ளத்தின் ஓரத்திலேயே துளை போட்டுக் கெட்ட தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும், அப்படிச் செய்தால் சில வருஷங்களில் கிணறு தேறிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார் எஞ்சினியர். அவரை அப்புறம் அந்தப் பக்கம் அனுப்பவே இல்லை.

என் பள்ளிக்கூடத்திலேயே கூட்டம் போட்டார்கள். பழைய ஜீப் அதிகாரி எழுந்து, ஊர்க்காரர்கள் அளவுக்கு மீறி இறைத்ததால்தான் கிணறு கெட்டது என்றார். கூசாமல் சொன்னார். இனி கிணற்றை மூடிவிடுவார்களாம். தொழிற்சாலை வாசலில் ஒரு குழாய் போடுவார்களாம். பள்ளத்தையும் சுத்தம் செய்வார்களாம்.

நான் எழுந்தேன். "இறைக்கச் சொன்னது யாரு சார்?"

"உக்காருங்க டீச்சர்."

நான் உட்காரவில்லை. அவர்கள் கூட்டத்தை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

சொன்னபடி சுத்தம் செய்யவும் வந்தார்கள். ஒரு நாள் காலையில் தொழிற்சாலைக்குள்ளிருந்து டிராக்டர் டிராக்டராக மண் வெளியே வந்தது. பரவாயில்லையே, வாக்கைக் காப்பாற்றுகிறார்கள் என்று அக்கா சொல்லி வாய் மூடவில்லை, முதல் டிராக்டர் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. கிணற்றடியில் நின்று, டிரெய்லரைத் தூக்கி, அப்படியே உள்ளே கவிழ்த்தது. மண் ஈரமாக, பளீரென்ற மஞ்சளில் இருந்தது.

பெண்களெல்லாம் ஓடிப்போய் அடுத்த டிராக்டரை மறித்தோம். மேஸ்திரி இறங்கி வந்தார். கெட்ட மனிதர் இல்லை; எங்களுக்குப் புரியவில்லையே என்று உண்மையாகவே வருத்தப்பட்டவர் போலப் பேசினார்.

"எப்படியும் மூடப்போற கிணறுதானேம்மா? பள்ளமும் காலியாவுது, கிணறும் மூடுது. ஒரே வேலையில ரெண்டும் சுத்தமாயிடுது இல்ல?"

சாயங்காலத்துக்குள் தரையோடு தரையாக மட்டம் பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள்.