கல்யாணத்தில் முடிந்த நாவல்

"நோடப்பா, துப்பறியும் கதையைத் தவிர உங்க தமிழ் பீரோலேர்ந்து ஒண்ணும் வெளிய போறதில்ல. அதுக்கு ஒரு கிளார்க் எதுக்கு?"

எங்கள் ஃபாக்டரி வெல்ஃபேர் ஆபீசர், கன்னடக்காரர் ராவ் இப்படிக் கேட்டபோது நான் டெம்பரரி. ரிக்ரியேஷன் கிளப் லைப்ரரியில் தமிழ்ப் புத்தக பீரோவின் சாவி என் இடுப்பில் இருந்தது. அந்தச் சாவி போனால் நானும் போக வேண்டியதுதான். வீட்டில் அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

ராவ் கெட்ட மனிதரில்லை. ஒரு வழியும் அவரே சொன்னார். "ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து ஒரு எழுத்தாளர் வர்றார். அவர் நாவலைப் பத்தி நீ பேசு. இந்தக் கால நாவல்ல விஷயம் இருக்குன்னு எனக்குப் புரியணும். புரிஞ்சா பீரோ இருக்கும்."

அந்த நாவல் வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்து முடிந்திருந்தது. புத்தகமாக இன்னும் வரவில்லை. எங்களிடம் இருந்தது, டூல் ரூம் ஃபிட்டர் மரியதாஸ் அண்ணன் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்துக் கொடுத்த பைண்டு வால்யூம். நாங்கள் குடியிருந்த மர்பி டவுனில் அவர் தைக்காத தொடர்கதை கிடையாது. வாராவாரம் விடாமல் படிக்கிறவரும் அவர்தான்.

எனக்கோ புது நாவல் என்றாலே எரிச்சல். ஒருத்தன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நாலு பக்கம் யோசிப்பான். கதை நகரவே நகராது. வேண்டாவெறுப்பாகத்தான் பிரித்தேன். எடுத்த எடுப்பிலேயே கணவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், சாகிறான். அடடே, இதென்னடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் அவன் குடித்ததும் பெண்டாட்டியை அடித்ததும் வருகிறது. கடைசியில் அவர்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம். மணப்பெண் கண்ணாடி முன்னால் நின்று, "அவருக்கு என்னை ரொம்பப் பிடிச்சிருக்காம்டீ" என்று தங்கையிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அவ்வளவுதான், முடிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் பெண்டாட்டி இருக்கிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்கு யதார்த்தம், உத்தி, உள்மன ஓட்டம் என்று பெரிய பெரிய வார்த்தையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முன் வரிசையில் எழுத்தாளரையும் ராவையும் பார்த்ததும் எல்லாம் போயே போச்சு. வேறு வழியில்லாமல் மனசில் இருந்ததைச் சொன்னேன்.

"ஐயா சாவுல ஆரம்பிச்சு கல்யாணத்துல முடிச்சிருக்கார். அந்தப் பொண்ணு சிரிக்குது. அதுக்கு ஒண்ணும் தெரியாது, நமக்கு எல்லாம் தெரியும். போகாதேம்மா, மணவறைல உக்காராதேன்னு கத்தணும்போல இருந்துச்சு. அழுதுட்டேங்க."

ஹாலில் பின்னால் மரியதாஸ் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு, இறங்கு இறங்கு என்று சைகை காட்டினார். நேரமாகிவிட்டது போல என்று இறங்கினேன்.

அவர் என்னை ஓரமாக இழுத்துப்போனார். "கெட்டுது போ! கதை கல்யாணத்துக்கு முன்னாடிதான்டா ஆரம்பிக்குது. மூணு கட்டா நறுக்கினேன். ஓரம் சமமா வரட்டும்னு மேல இருந்த அத்தியாய நம்பரையும் சேர்த்து வெட்டிட்டேன். கட்டுகளை ஒண்ணு மேல ஒண்ணு போட்டதுல கடைசிக் கட்டு மேல வந்துருக்கு. அப்படியே தைச்சுட்டேன் போலிருக்கு."

அதற்குள் எழுத்தாளர் அந்த வால்யூமைக் கேட்டு வாங்கிப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். நெற்றி சுருங்கியிருந்தது. ராவ் பக்கத்தில் போய், "ஏன் சார், நம்ம பையன் தப்பாப் பேசிட்டானா?" என்று கேட்டார். சாவியைக் கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று இடுப்பில் கை வைத்தேன்.

"நான் எழுதின வரிசை இது இல்ல சார்" என்றார் எழுத்தாளர். "ஆனா அந்தக் கல்யாணத்தை எழுதும்போது நான் அழுதேன். பத்திரிகைல படிச்சவங்க மணமக்களுக்கு வாழ்த்து அனுப்பினாங்க. அங்க அழுதது இவர் ஒருத்தர்தான்."

ராவ் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. மரியதாஸ் அண்ணன் ஓடி வந்து, "பிரிச்சுச் சரியாத் தைச்சுடறேங்க" என்றார்.

"ஐயையோ, அதுல கையே வைக்காதீங்க" என்றார் எழுத்தாளர்.

புத்தகத்தைப் பற்றிப் பேச மேடையேறும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். எந்த இடத்தில் உங்களுக்கு அழுகை வந்ததோ அதைச் சொல்லுங்கள். எனக்குச் சோறு போட்டது அதுதான்.

ராவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர் வீட்டம்மாவுக்குப் படிக்க வரும். அந்த வால்யூமை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோனார். நாலைந்து நாள் கழித்து அதை என் மேஜை மேல் வைத்தார்.

"என்னப்பா இது, கல்யாணத்தைப் படிச்சுட்டு ராத்திரி சமைக்காம உக்காந்து அழறா" என்றார். அப்புறம் பீரோவைப் பார்த்துக்கொண்டே, "சரி, இதே மாதிரி இன்னொண்ணு குடு" என்றார்.

நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன்.