அத்தையின் மொட்டுக் காளான்

எங்கள் தெருவுக்கு முதல் ஏசி மனிதர்களுக்காக வரவில்லை, காளானுக்காக வந்தது. புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பையோடு திரும்பி வந்த அத்தை, சும்மா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று பயிற்சிக்குப் போய் மொட்டுக் காளான் வளர்க்கக் கற்றுக்கொண்டாள். அப்பா பழைய ஏசி ஒன்றை வாங்கிப் பின்னறையில் மாட்டிக் கொடுத்தார். அடி அண்ணாமலை வெயிலில் நாங்கள் வெந்துகொண்டிருக்க, காளான் முளைக்கும் எருப் பைகள் மட்டும் சொகுசாகக் குளிரில் இருந்தன.

“கோழி எருவுல மொளைக்கிறத எவன் தின்னுவான்?” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

“நல்லா மக்க வெச்சு, ஆவி காட்டிதான் போடுறோம்க்கா. காளான்லயே கிருமிய கொல்ற சத்து இருக்குதுன்னு கிளாஸ்ல சொன்னாங்க” என்றாள் அத்தை.

முதல் விளைச்சலைச் செங்கம் சாலை ஓட்டல்காரர் ஒருவர் கேட்டிருந்தார். அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால், அத்தையைத் திரும்பப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும் பேச்சு நின்றுவிடும் என்று அம்மா நம்பினாள்.

அந்த வாரம்தான் கண்ணாடிச் சில்லு என் பாதத்தைக் கிழித்தது. ஊசிக்குப் பயந்து யாரிடமும் சொல்லவில்லை. கிருமியைக் கொல்லும் மருந்துதான் வீட்டிலேயே விளைகிறதே! ஒரு மொட்டைக் கிள்ளி, நசுக்கி, காயத்தில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டேன்.

சித்ரா பௌர்ணமியன்று கால் வீங்கி, காய்ச்சல் கொதித்தது. அப்பாவும் அம்மாவும் கிரிவலப் பாதையில் மோர்க்கடை போட்டிருந்தார்கள். கட்டை அவிழ்த்துப் பார்த்தவள் அத்தைதான். உள்ளே இருந்தது என்னவென்று நான் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

பாதையில் வண்டிகள் ஓடாத நாள். என்னை முதுகில் சுமந்துகொண்டு கூட்டத்துக்கு எதிராக நடந்தாள். எதிரில் வராதே என்று அதட்டியவர்களிடமெல்லாம், “கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லங்க, வழி விடுங்க” என்று கெஞ்சினாள்.

டாக்டர் சீழை எடுத்து, ஊசியும் போட்டார். கதையைக் கேட்டுச் சிரித்தார். “அந்த சத்து இருக்கிறது நெஜந்தாம்மா. அதுக்காக நசுக்கிக் கட்டினா மருந்தாயிடுமா?”

அத்தை என்னை மறுபடியும் முதுகில் ஏற்றிக்கொண்டாள்.

நாங்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே வீட்டில் கரண்ட் போயிருந்தது. அத்தை இருந்திருந்தால் தரையில் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு எப்படியாவது சமாளித்திருப்பாள். திரும்பி வந்தபோது பின்னறை அடுப்பாக இருந்தது. மறுநாள் பறிக்க வேண்டிய மொட்டுகள் பழுப்பேறித் துவண்டு கிடந்தன.

அத்தை எனக்குக் கஞ்சி ஊட்டிப் படுக்க வைத்தாள். பிறகு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவளின் கண்கள் சிவந்திருந்தன.

“அழுவுறியா அத்த?”

“எரு நெடிடி. கண்ண எரிக்குது.”

நம்பினேன். இவ்வளவு நெடியில் எப்படித்தான் வேலை செய்கிறாளோ என்று பாவமாகக்கூட இருந்தது. நெடி முழுவதும் போன எருவில்தான் காளான் விதையே போடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.