பக்கத்து நாற்காலிக்காரரின் ரத்தம்

ஊசி குத்தும்போது அவருக்குத் தூக்கம் வரும். தாம்பரத்தில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போன அன்று, பக்கத்து நாற்காலியில் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டார். பெரும்பாக்கத்து ஆட்டோக்காரர், ஒல்லி உடம்பு. எனக்கோ பஞ்சைப் பார்த்தாலே வியர்க்கும்.

இருவர் வீட்டிலும் டிபி நோயாளி இருந்ததால், ஆராய்ச்சிக்காக இருவருக்கும் ஒரே தடுப்பூசி போட்டிருந்தார்கள். எனக்கு நோய் வந்தது, அவருக்கு வரவில்லை.

"ரெண்டு பேர் ரத்தத்தையும் ஒப்பிட்டாத்தான் சார், எது காப்பாத்துதுன்னு அடையாளம் தெரியும்" என்றார் நர்ஸ். எட்டாவதோடு பள்ளியை விட்ட எனக்கு, என்னுடையது தோற்ற ரத்தம் என்பது மட்டும் புரிந்தது.

"அப்படி என்னதான் சாப்பிடுறீங்க?" என்று அவரிடம் கேட்டே விட்டேன்.

"டீயும் பன்னும்தான். இன்னாண்ணா, கண்ணு வைக்கிறியா?" என்று சிரித்தார்.

"ஆமா."

சிரிப்பு நின்றது. "எம் பொண்டாட்டி பக்கத்துலயே படுத்துகினு இருந்தேன். எனக்கு ஒண்ணும் ஆவல, அவ போய்ட்டா. உனக்கு வந்துச்சு, மாத்திர துன்னுட்டு நல்லா குந்திகினு கீற. அவளுக்கு அது நடக்கலியே."

ஆனாலும் இன்றைக்கும் லேசாக இருமினால், அவர் ரத்தம் எனக்கு இருந்திருக்கக் கூடாதா என்றுதான் முதலில் தோன்றுகிறது. அவர் மனைவி பிறகுதான் நினைவுக்கு வருகிறார்.