கம்ப்யூட்டர் கேட்ட காரணம்

எண்பதுகளின் கடைசியில் செஞ்சி பஸ் டெப்போவில் நான் அலுவலகக் கண்காணிப்பாளர். மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக்கு விடும் சிறப்புப் பேருந்துகளை ஒழுங்குபடுத்த ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. அதற்குத் தனி அறை, தனி மின்விசிறி, தனிப் பூட்டு. நான் வருடக்கணக்காகக் கேட்டும் கிடைக்காத சலுகைகள்.

புரோகிராம் எழுத வந்தவள் கடைவீதி ஜவுளிக்கடை பாயின் மகள். சென்னையில் ஆராய்ச்சி மாணவி. பேருந்து அட்டவணை எங்களுக்கு. அதை வடிவமைக்கும்போது மனம் எப்படி ஓடுகிறது என்று பதிவு செய்வது அவளுடைய ஆராய்ச்சி. திரையில் அவள் எதைப் போட்டாலும், எதை அழித்தாலும், ஓரத்தில் ஒரு கட்டம் முளைத்து ஆங்கிலத்தில் ‘ஏன்?’ என்று கேட்கும். பதில் தட்டாமல் அடுத்த வேலை நகராது. அந்தப் பதில்களைப் படித்துத் திருப்திப்பட்டால்தான் பேராசிரியர் அவள் பட்டத்துக்குக் கையெழுத்துப் போடுவார்.

சில நாளிலேயே அவளுக்குச் சலித்துவிட்டது.

“யோசிக்கிறப்போ ஏன் ஏன்னு கேட்டா யோசிச்சதே மறந்து போவுது சார். காரணம் எழுதறதுல நீங்க கில்லாடியாமே? ஒண்ணு சொல்லுங்களேன்.”

காரணம் எழுதுவதுதானே என் தொழில்? முடிவை அதிகாரி எடுத்துவிடுவார். பொருத்தமான காரணத்தைப் பின்னாலேயே அழைத்துவந்து கோப்பில் உட்கார வைப்பது நான். ‘நிர்வாக நலன் கருதி’ என்றேன். அடுத்ததற்கு, ‘முன் நடைமுறையைப் பின்பற்றி’. அவள் ஆங்கிலத்தில் தட்டத் தட்ட, கட்டம் மறுபேச்சின்றி மறைந்தது. இத்தனை சுலபமாகத் திருப்தியடையும் மேலதிகாரி எனக்கு வாய்த்ததே இல்லை.

பேராசிரியர் வந்தார். எல்லாவற்றையும் படித்தார்.

“இதுல தப்பே இல்லம்மா. யோசனையும் இல்ல. இதுக்கு நான் எப்படிக் கையெழுத்து போடறது?”

அவள் முகம் வாடிப்போனது. இருந்தாலும் அவர் பார்க்க வேலையைத் தொடர்ந்தாள். திரையில் அவலூர்பேட்டை வண்டி நிற்கும் இடத்தைக் கோயில் பக்கத்திலிருந்து எடுத்து ஊருக்கு வெளியே வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஸ்டாப்பிங் மாத்தறதுக்கு எந்த விதியிலம்மா இடம் இருக்குது?”

“விதியாவது இன்னாவது! போன அமாவாசைக்கு அங்க போய் நின்னு பாத்தீங்களா சார்? நான் பாத்தேன். எறங்கறவங்களும் ஏறறவங்களும் ஒரே படியில முட்டிக்கினு கெடக்கறாங்க. மொதல்ல இன்னும் ரெண்டு பஸ் விடலாம்னுதான் நெனச்சேன். அதுவும் அங்கயே வந்து மாட்டிக்கினு நிக்கும். ஸ்டாப்பிங்கதான் மாத்தணும்!”

பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “அத எழுதும்மா! மொதல்ல நெனச்சது, அப்புறம் விட்டது, எல்லாத்தையும் எழுது.”

அவர் சொல்லி அன்றைக்கே கட்டத்திலிருந்து ‘ஏன்?’ போய், என் பாணியில் ‘இது எந்த விதிப்படி?’ என்ற கேள்வி வந்தது. அதைப் பார்த்தாலே அவளுக்குக் கோபம் வரும். மனதில் இருப்பதெல்லாம் விரல் வழியே கொட்டும். மறுமுறை வந்த பேராசிரியர் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பதில்களை நானும் வாங்கிப் படித்தேன். என் பணிக்காலத்தில் எழுப்பிய ஆட்சேபணைகளுக்கு இவ்வளவு விரிவாக யாரும் விளக்கம் தந்ததில்லை. சில இடங்களில் என்னைத் திட்டியும் இருந்தாள். ஆராய்ச்சிக்கு அவைதான் மிகவும் பயன்பட்டதாகக் கேள்வி.