கல்லாறு செக்போஸ்ட்டில் நான் நெதர்லாந்தில் இருந்தேன்

எந்த விபிஎன் வாங்குவது என்று முடிவாகாமல், மூன்றை டிரையலில் போனில் போட்டு வைத்திருக்கிறேன். நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாதாம். மூன்றுக்கும் அதுதான் விளம்பரம்.

இன்று கோவையிலிருந்து ஊட்டிக்குத் திரும்பும்போது கல்லாறு செக்போஸ்ட்டில் காவலர் நிறுத்தினார். வண்டி கோவை நம்பர். வெளியூர் வண்டி மலையேற வேண்டிய இ-பாஸ் எடுக்க மறந்திருந்தேன். ஸ்கூல் விடுவதற்குள் ஊட்டியில் மகள் முன்னால் நிற்க வேண்டும். பின்னால் ஓயாமல் ஹாரன்.

போனில் இ-பாஸ் பக்கம் திறக்கவே இல்லை.

காவலர் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, நெதர்லாந்துன்னு காட்டுதுங்களே?”

“இல்லீங்க, ஊடு ஊட்டி பெர்ன்ஹில்லுங்க!”

வெளிநாட்டிலிருந்து வந்தால் அந்தப் பக்கம் திறக்காது போல. ஓடிக்கொண்டிருந்த விபிஎன்னை அணைத்தேன். உடனே அடுத்த விபிஎன், இந்த நெட்வொர்க் பாதுகாப்பில்லை என்று தானாகவே எழுந்து என்னைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனது.

பக்கத்து சீட்டில் இருந்த மனைவி தன் போனில் பாஸ் எடுத்து அவரிடம் காட்டினாள். என் பக்கம் திரும்பி, “ஒளிஞ்சது போதுங்க. வண்டிய எடுங்க” என்றாள்.

ஊட்டியில் ஸ்கூல் கேட்டில் மகள் மட்டும் நின்றிருந்தாள். “இவ்ளோ நேரம் எங்கிருந்தீங்கப்பா?”

மூன்றில் எது நல்லது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டுக்குப் போகவிடுகிற ஒன்றாக இருந்தால் போதும்.